தம்ளரில் மூலிகை இருக்கட்டும், தட்டில் என்ன?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களுக்கு வயது 41. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1, அதாவது நீரிழிவின் வாசல்படி. ரத்தக் கொதிப்புக்குத் தினம் ஒரு மாத்திரை. ஓராண்டாகக் காலையில் வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர், அரை மணி கழித்துச் சுரைக்காய்ச் சாறு, பதினொரு மணிக்குச் சீந்தில் பொடி, மாலையில் அதிமதுரம் தட்டிப் போட்ட டீ, படுக்கப் போகுமுன் மஞ்சள் பால். வீட்டில் யாருக்குக் காமாலை என்றாலும் கீழாநெல்லிதான் முதல் மருந்து. "எங்கள் பாட்டி 88 வயதுவரை மாத்திரையே தொடாமல் இருந்தார். நான் போவது சரியான வழிதானா, இன்னும் எந்த மூலிகையைச் சேர்க்கலாம்?" என்று கேட்கிறீர்கள்.

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்து இருபத்து நாலு வருடமாக அதையே தொழிலாகச் செய்பவன். ஆறாவது தம்ளருக்கு ஒரு பெயர் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சேர்க்க ஒன்றும் இல்லை. இரண்டை இன்றைக்கே நிறுத்துங்கள், ஒன்றின் அளவைக் கூட்டுங்கள், மிச்சத்தை அடுப்பங்கரைக்கே திருப்பி அனுப்புங்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சுரைக்காய். உங்கள் பாட்டி அதைச் சாறு பிழிந்து குடித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்திருப்பார். வைப்பதற்கு முன்னால் காம்புப் பக்கம் ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்திருப்பார். வெள்ளரிக்கும் பீர்க்குக்கும் அதே சோதனை. கசந்தால் காய் மாட்டுக்குக்கூடப் போகாது, குப்பைக்குப் போகும். சுரை, பீர்க்கு, வெள்ளரி, புடல் எல்லாம் ஒரே குடும்பத்துக் கொடிகள். குக்கர்பிட்டேசின் என்ற கசப்பு நஞ்சு அந்தக் குடும்பத்துக்கே உரியது. நாம் உண்ணும் காய்களில் அது மிகக் குறைவு. ஆனால் எப்போதாவது ஒரு காயில் திடீரென்று மிகுந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. கூட்டில் கசந்தால் முதல் கவளத்தோடு துப்பிவிடுவோம். சாற்றில் என்ன நடக்கிறது? நெல்லிக்காய், இஞ்சி, சில வீடுகளில் பாகற்காயும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். எந்தக் கசப்பு எதிலிருந்து வந்தது என்று நாக்குக்குத் தெரிவதில்லை. கசந்தால்தானே மருந்து என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு தம்ளர் முழுக்க இறக்கிவிடுகிறோம். அப்படிக் குடித்தவர்கள் ரத்த வாந்தியோடும் சரிந்த ரத்த அழுத்தத்தோடும் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள். 2010இல் டெல்லியில் நேர்ந்த ஓர் இறப்புக்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு வல்லுநர் குழுவே அமைத்தது. குழு சொன்ன அறிவுரை இதுதான்: சாறு போடுமுன் ஒரு துண்டைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் எறிந்துவிடுங்கள், வேறு சாற்றோடு கலக்காதீர்கள், குடித்தபின் வாந்தியோ வயிற்று வலியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அதில் முதல் இரண்டும் நம் வீட்டுக் கிழவிகள் அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து செய்துகொண்டிருந்ததுதான். காயை மட்டும் எடுத்துக்கொண்டு நாக்குச் சோதனையை விட்டுவிட்டோம்.

நான் சொல்ல வந்தது மொத்தமும் இந்தச் சுரைக்காயிலேயே இருக்கிறது. நம் மரபில் மூலிகைக்கு ஒரு அளவு, ஒரு பக்குவம், ஒரு துணைப்பொருள், ஒரு கால எல்லை என்று நாலு வேலி உண்டு. செடியை மட்டும் பிடுங்கிக்கொண்டு வேலியை விட்டுவந்தால் அதற்குப் பெயர் பாரம்பரியம் ஆகாது.

அதிமதுரம் உங்கள் பட்டியலில் என்னை அதிகம் பயமுறுத்திய பெயர். தொண்டை கட்டினால் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வது, இருமலுக்கு மூன்று நாலு நாள் கஷாயத்தில் சேர்ப்பது, இதெல்லாம் நல்ல வழக்கம்தான். தினமும், மாதக்கணக்கில் என்றால் கதை வேறு. அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் என்ற பொருள் உடம்பில் உப்பைத் தேக்கி வைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. கொதிப்பு ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். நீங்கள் ஒரு கையால் கொதிப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு மறு கையால் அதை ஏற்றும் டீ குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இன்றோடு நிறுத்துங்கள். டீக்கு மணம் வேண்டுமென்றால் ஏலக்காய் இருக்கிறது, சுக்கு இருக்கிறது.

சீந்திலும் அப்படியே. இது எல்லார் வீட்டுக்கும் வந்தது 2020இல், கபசுர குடிநீர் வழியாக. கபசுர குடிநீரில் பதினைந்து சரக்கு. சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, கற்பூரவள்ளி, கோரைக்கிழங்கு என்று நீளும் பட்டியலில் சீந்தில் தண்டும் ஒன்று. கபசுரம் என்ற காய்ச்சல் வகைக்காகச் சில நாள் கொடுக்கிற கூட்டு மருந்து அது. கொரோனாத் தொற்று ஓய்ந்தது, பதினைந்தில் ஒன்று மட்டும் தனியாகப் பிரிந்து 'எதிர்ப்புச் சக்தி' என்ற பெயரில் டப்பாவுக்குள் போனது. மும்பையில் 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை சீந்தில் எடுத்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அவர்கள் சாப்பிட்டது சீந்தில்தானா, அதைப் போலவே தோற்றமளிக்கும் இன்னொரு கொடியா என்பதே உறுதிப்படவில்லை என்றது. அந்த வாதம் நியாயமாகவே இருக்கட்டும். அப்படியானாலும், கடையில் வாங்கும் பொடியில் எந்தக் கொடி இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்றுதானே ஆகிறது. காய்ச்சல் இல்லாத ஒருவர் ஓராண்டு சீந்தில் சாப்பிட எனக்குத் தெரிந்த எந்தச் சித்த மருத்துவக் காரணமும் இல்லை.

இனி வெந்தயம். இதில் நீங்கள் சரி, ஆனால் போதாது. வெந்தயத்தை ஊறவைத்தால் கொழகொழவென்று ஒரு பசை வருகிறதே, அதுதான் மருந்து. கரையும் நார்ச்சத்து அது. சோற்றிலிருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கும் வேகத்தை மட்டுப்படுத்தும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் 1980களிலும் 90களிலும் இதைச் சோதித்தபோது நாளுக்கு 25 கிராமும் அதற்கு மேலும் கொடுத்தார்கள். ஒரு சின்ன ஸ்பூன் வெந்தயம் நாலு ஐந்து கிராம்தான் வரும். அதிலும் நீங்கள் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மருந்தைக் கொட்டிவிட்டு அது ஊறிய தண்ணீரைக் குடிப்பதுபோல்தான் இது. விதையை மென்று தின்னுங்கள், அல்லது அரைத்து மோரில் கலக்குங்கள். எங்கள் பக்கம் வெந்தயக் களி உண்டு, கருப்பட்டி சேர்த்துக் கிண்டுவார்கள். உங்களுக்குக் கருப்பட்டி வேண்டாம். வெந்தய தோசை, வெந்தயக் குழம்பு, வெந்தயக் கீரை என்று இரண்டு வேளையில் பிரித்தால் 10, 15 கிராம் எளிதாக உள்ளே போகும். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், ஒரு வாரம் எடுத்துக்கொண்டு மெல்லக் கூட்டுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அதிகம் இறக்கிவிடலாம்.

மஞ்சள் பால் தூக்கத்துக்கு இதமாக இருக்கிறது என்றால் குடியுங்கள். மருந்து என்று நினைத்துக் குடிக்க வேண்டாம். மஞ்சளின் மருந்துக் குணத்துக்குக் காரணம் என்று சொல்லப்படும் குர்குமின், தூளில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்குதான். அரை ஸ்பூன் தூளில் 50 மில்லிகிராம்கூடத் தேறாது, அதிலும் குடல் உறிஞ்சுவது மிகச் சொற்பம். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் வெளிவந்த ஆய்வில் இரண்டு கிராம் குர்குமினை 20 மில்லிகிராம் மிளகுச் சத்தோடு கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்தது 20 மடங்கு கூடியது. மஞ்சளோடு மிளகு தட்டிப் போடும் வீட்டு வழக்கத்தை இது மெச்சுகிறது என்று எல்லாரும் எழுதுவார்கள். யாரும் எழுதாத மறுபக்கம் ஒன்று உண்டு. மிளகு குர்குமினுக்கு மட்டும் கதவு திறப்பதில்லை, வலிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் கொதிப்புக்கும் தரும் சில மாத்திரைகளும் கூடுதலாக ரத்தத்தில் ஏறும். ரசத்தில் போடும் மிளகால் ஒன்றும் ஆகாது. மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் மாத்திரை விற்கிறார்களே, அதை மற்ற மாத்திரைகளோடு கண்ணை மூடிக்கொண்டு விழுங்காதீர்கள்.

கீழாநெல்லியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர்க் கதை. கல்லீரலைத் தாக்கும் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்றவர் பரூக் பிளம்பெர்க். அவரோடு சேர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் கீழாநெல்லியைச் சோதித்தார். 1988இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. அந்த வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவர்களில் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தார்கள், அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி விளைந்த மண்ணா, பறித்த பருவமா, இனமே வேறா என்று காரணம் தேடினார்கள். இன்றுவரை அது மஞ்சள் காமாலையைத் தீர்க்கும் நிரூபணமான மருந்தாகவில்லை. பொய் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. ஒரு நல்ல கேள்வி பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

பிறகு ஏன் ஊரெல்லாம் கீழாநெல்லியில் குணமான கதை? அசுத்தத் தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். இறங்கும் நாளில் எதைக் குடித்துக்கொண்டிருந்தோமோ அதற்குப் புகழ். ஆனால் காமாலை என்பது ஒரு நோயின் பெயரே இல்லை, பல நோய்களின் அடையாளம். பித்தக் கல் அடைத்திருந்தாலும் கண் மஞ்சளிக்கும், கணையத்தில் கட்டி இருந்தாலும் மஞ்சளிக்கும். காச நோய் மாத்திரை கல்லீரலைப் பாதித்தாலும் அதே மஞ்சள்தான். என்னிடம் வருபவர்களை ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்க்காமல் நான் தொடுவதில்லை. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் வீட்டு வைத்தியத்துக்கு ஒரு நாள்கூட ஒதுக்காதீர்கள். ஈ வகை வைரஸாக இருந்தால் இரு உயிருக்கும் ஆபத்து. உப்பில்லாமல், எண்ணெயில்லாமல் வாரக்கணக்கில் வெறும் மோர்சாதம் போட்டு நோயாளியை உருக்கிவிடும் வழக்கத்தையும் கைவிடலாம். குமட்டல் இருக்கும் சில நாள் எண்ணெய்ப் பண்டத்தைக் குறைப்பது சரி. பசி வந்ததும் பருப்பு, இட்லி, வேகவைத்த காய் என்று நன்றாகவே சாப்பிடச் சொல்லுங்கள், கல்லீரல் தேற அதற்கும் சோறு வேண்டும்.

சரி, தம்ளர்கள் முடிந்தன. தட்டுக்கு வருவோம். நீங்கள் ஐந்து மூலிகையை நேரம் குறித்து எழுதியிருக்கிறீர்கள். மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. நான் ஊகித்துக்கொள்கிறேன்: காலையில் நாலு இட்லியோ மூன்று தோசையோ, மதியம் வெள்ளைப் பொன்னி, இரவு மறுபடி தோசை. சென்னையில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வொன்றில் சராசரி மனிதர் உண்ணும் கலோரியில் கிட்டத்தட்ட பாதி தீட்டிய தானியத்திலிருந்தே வந்தது, அதில் பெரும்பங்கு அரிசி. உங்கள் 6.1 சுரைக்காய்ச் சாறு குறைந்ததால் வந்ததில்லை.

நம் உணவு மரபில் சான்று மிகுந்த மருந்து எதுவென்று என்னைக் கேட்டால் எந்த மூலிகையையும் சொல்ல மாட்டேன். புழுங்கல் அரிசி என்பேன். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்தபின் குத்துகிறோம். அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 வைட்டமின் உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் ஆலையில் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. பச்சரிசியைத் தீட்டினால் போய்விடும். அந்தச் சத்து குறைந்தால் வருவது பெரிபெரி; காலில் உணர்வு மரத்து, வீங்கி, இதயம் பழுதாகும். பழைய சென்னை மாகாணத்திலேயே, ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரையில், பெரிபெரி நிலையாகக் குடியிருந்தது. புழுங்கல் உண்ட தெற்கில் அந்தத் தொல்லை இல்லை. இதை ஆராயத்தான் 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்கரிசன் ஒரு சின்ன பெரிபெரி ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். வெந்தயத்தைப் பற்றிச் சொல்லும்போது ஐதராபாத் நிறுவனம் ஒன்றைக் குறிப்பிட்டேனே, அது வளர்ந்து 1958இல் குன்னூரிலிருந்து குடிபெயர்ந்த அதே பிரிவுதான். நெல் அவிக்கும் வேலையை யாரும் வைத்தியம் என்று சொன்னதில்லை, அதற்கு ஒரு பாட்டும் இல்லை. ஆனாலும் எத்தனையோ தலைமுறைக் கால்களை அது காப்பாற்றியிருக்கிறது. உங்கள் 6.1க்குப் புழுங்கல் தனியாக மருந்தாகாது, பச்சரிசியைவிடச் சற்று மெதுவாகச் சர்க்கரை ஏறும், அவ்வளவே. அளவும் பாதியாக வேண்டும்.

கேழ்வரகைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், தீட்டிய அரிசியில் இருப்பதைப்போல முப்பது மடங்குக்கும் மேல். வளரும் பிள்ளைக்கும் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் அதைவிட மலிவான கால்சியம் கிடையாது. முந்தின நாளே மாவைப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சும் வழக்கத்தில் அறிவியலும் இருக்கிறது. புளிக்கும்போது கால்சியத்தையும் இரும்பையும் கட்டிவைக்கும் பைட்டேட் குறைகிறது. ஆனால் 'சர்க்கரைக்கு ராகி நல்லது' என்று நைசாக அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை சரசரவென்று ஏறும். தானியம் எதுவானாலும் மாவாக அரைத்துத் தண்ணீராகக் குடித்தால் குடலுக்கு வேலை இல்லை. வெயிலில் நாற்று நட்டுவிட்டு வந்து கூழ் குடித்தவர் அதை எரித்துவிட்டார். கணினி முன்னால் உட்காரும் நீங்கள் குதிரைவாலியையோ சாமையையோ முழுசாக வடித்து, பக்கத்தில் குழம்பும் பொரியலும் வைத்துச் சாப்பிடுங்கள்.

பழைய சோற்றுக்கு இப்போது பெரிய மரியாதை. எனக்கும் பிடிக்கும், சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். ஆனால் 'நூறு கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருந்த இரும்பு பன்னிரண்டு மணி நேரத்தில் 73.91 ஆகிறது' என்று ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. தசமப் புள்ளி வரை துல்லியமாக இருப்பதால் எல்லாரும் நம்புகிறார்கள். நுண்ணுயிர் இரும்பை உண்டாக்காது. பானையில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் காலையிலும் இருக்கும். கூடக்கூடியது உடம்பு அதை எடுத்துக்கொள்ளும் அளவு மட்டுமே. புளித்த சோற்றின் பயன் குடலுக்கு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து ஆய்வே நடத்தினார்கள். சோறு முழுக்கத் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும், காலையிலேயே தீர்த்துவிட வேண்டும். மதியம் வரை வெளியே கிடந்த சோற்றைப் பாரம்பரியம் என்று சொல்லிப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். வாரம் இரண்டு நாள், ஒரு சின்னக் கிண்ணம், உங்களுக்கு அது போதும்.

கீரைதான் நம் மூலிகை மரபின் உண்மையான வீடு. முருங்கை, அகத்தி, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, மணத்தக்காளி, வல்லாரை, தூதுவளை, முடக்கறுத்தான், பிரண்டை. இவற்றில் எதையும் நம்மவர்கள் தினம் சாப்பிட்டதில்லை. மாறி மாறி வந்தன. பிரண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கணு நார் உரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளியும் மிளகாயும் வைத்துத் துவையல் அரைப்பார்கள். இத்தனை சடங்கும் அதிலிருக்கும் ஊசி ஊசியான ஆக்ஸலேட் படிகத்துக்காக. வதக்காமல் அரைத்தால் தொண்டை அரித்துப் பிடுங்கிவிடும். இப்போது பிரண்டையைப் பச்சையாக மிக்ஸியில் அடித்துக் குடிக்கச் சொல்லும் வீடியோவைக் காட்டி ஒருவர் என்னிடம் விளக்கம் கேட்டார். முதலில் சொன்னவரைக் குடிக்கச் சொல்லுங்கள் என்றேன். முருங்கைக்கீரையை இரும்புக்காகச் சாப்பிடுவதானால் இறக்கும்போது எலுமிச்சை பிழியுங்கள், உண்டதும் காபி டீ குடிக்காதீர்கள். அவை இரும்பைக் கட்டிவிடும். அகத்திக்கு வேறு ஒரு கட்டுப்பாடு. மருந்து சாப்பிடும்போது அகத்தி கூடாது என்பது எங்கள் துறையில் எல்லாரும் சொல்வது, நானும் சொல்கிறேன்.

வீட்டுப் பெரியவர்கள் யாராவது ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறார்களா? கீரையில் கே வைட்டமின் அதிகம், மாத்திரைக்கு நேர் எதிர் வேலை செய்யும். கீரையை நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். சிறுநீரகம் பழுதானவருக்கு வாழைத்தண்டுச் சாறும் இளநீரும் நல்லது என்று கொடுத்து, பொட்டாசியம் ஏறி அவசரப் பிரிவுக்குப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். சிறுநீரகக் கல் இருப்பவருக்குச் சொல்லப்பட்ட யோசனையை, வடிகட்டும் திறனே குறைந்தவருக்குக் கொடுத்ததால் வந்த வினை.

பத்தியம் என்ற சொல்லை இப்போது பிரசவத்துக்கு மட்டும் வைத்திருக்கிறோம். சித்த மருத்துவத்தில் ஒவ்வொரு மருந்துக்கும் பத்தியம் உண்டு. இன்னதைச் சேர், இன்னதைத் தள்ளு, இத்தனை நாள், பிறகு மறுபத்தியம் இருந்து மெல்ல வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பு என்று. மருந்தைத் தேனில் குழைப்பதா, நெய்யிலா, வெந்நீரிலா என்பதற்கு அனுபானம் என்று பெயர், அதுவும் சீட்டில் எழுதப்படும். 'காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலை கடுக்காய்' பாட்டை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதிலேயே 'மண்டலம் உண்டால்' என்று இருக்கிறது, அதாவது 48 நாள் என்ற கணக்கு. வாழ்நாள் முழுக்க என்று பாட்டு சொல்லவில்லை. திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்றே பெயர். பத்துக் குறளில் ஒரு மூலிகையின் பெயர்கூடக் கிடையாது. 942 முதல் 947 வரை ஆறு குறளும் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்கின்றன: முன்பு உண்டது செரித்ததா, அளவு தெரிந்ததா, நன்றாகப் பசித்ததா.

மரபு என்றால் எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்குப் பிரசவப் பத்தியமே சாட்சி. பூண்டும் பால்சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும், சுக்கு மிளகு திப்பிலி போட்ட லேகியமும் தாய்க்கு நல்ல சாப்பாடு. கருப்பு உளுந்தங்களியும் அப்படியே. ஆனால் அதே வீட்டில்தான் 'தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும்' என்று பெற்றவளை நாக்கு வறள வைத்தார்கள், சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டினார்கள், பிறந்த பிள்ளை வாயில் சர்க்கரைத் தண்ணீரும் உரைமருந்தும் தடவினார்கள். சீம்பால்தான் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம், வசம்பும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் தொழிலில் உள்ள சிலருக்கு இது கோபம் வரும் பேச்சு. வரட்டும்.

ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி போன்றவற்றை யார் சொன்னாலும் உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள். அந்தக் குடும்பச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும், புற்றுநோயும் தரும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை மாத்திரை தின்ற பெண்கள் பலர் அப்படித்தான் சிறுநீரகத்தை இழந்தார்கள். பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகளையும் மருத்துவர் சீட்டு இல்லாமல் நாட்டு மருந்துக் கடையில் வாங்காதீர்கள்.

உங்கள் பாட்டி 88 வரை இருந்தார், மகிழ்ச்சி. அவரோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை பேர் ஐந்து வயது தாண்டினார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 32 ஆண்டு. பாட்டி இருந்தது மூலிகையால் மட்டும் இல்லை. தண்ணீர் இறைத்தார், உரலில் ஆட்டினார், பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார், இனிப்பு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் கண்டார். அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது என்று என்னைக் கேட்டால் இரவுச் சாப்பாட்டு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஏழரைக்குள் முடியுங்கள், பிறகு இருபது நிமிடம் நடங்கள்.

மதியத் தட்டில் பாதி காயும் கீரையும், கால்பாகம் பருப்போ சுண்டலோ மீனோ, மிச்சக் கால்பாகம் புழுங்கல் சோறு. வாரம் மூன்று நாள் கீரை, மூன்றும் வேறு வேறாக. ஒரு நாள் கொள்ளு ரசம், ஒரு நாள் வேப்பம்பூ ரசம், ஒரு நாள் தூதுவளைத் துவையல். வெந்தயம் மேலே சொன்ன அளவில். கொதிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அதிமதுரம் நின்றதும் அழுத்தம் இறங்கினால் மருத்துவரே குறைப்பார். அடுத்த மூன்று மாதச் சோதனைக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே பொட்டாசியமும் கல்லீரல் பரிசோதனையும் பாருங்கள், ஓராண்டு அதிமதுரமும் சீந்திலும் போயிருக்கிறதே. போகும்போது மாத்திரைச் சீட்டோடு இந்த ஐந்து தம்ளர்களின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்களாக எடுத்து நீட்டுங்கள்.